தழும்பும் வாய்மையும்

உடைந்த பொருளைச் செப்பம் செய்து தரும் கைவினைஞனைப் பாராட்டும்போது, "ஒட்டு இருக்கும் இடமே தெரியவில்லை" என்று சொல்வது நம் வழக்கம். மரப்பெட்டிக்கும் அணிகலனுக்கும் இப்பாராட்டுப் பொருந்தலாம். பெருஞ்சுமை தாங்கும் இரும்புப் பொறியைப் பற்றவைத்துத் தருபவனுக்கும் இது புகழ்தானா? ஒட்டை மறைப்பது திறமையா, உண்மையை மறைப்பதா? பிறர் கண் புகாத இடத்தில் செய்யும் வேலைக்கு ஒருவன் யாருக்குக் கடமைப்பட்டவன்? பட்டறையில் எழும் இச்சிறு வினா, ஆழ்ந்து நோக்கின், அறநூல்களின் நடுவே நிற்கும் வினாவே ஆகும்.

விறகு பிளக்கும் பொறி ஒன்றை எடுத்துக்கொள்வோம். கனடா, சுவீடன், பின்லாந்து போன்ற குளிர்நாடுகளின் நாட்டுப்புறங்களில் விறகு சமையலுக்கு மட்டும் உரியதன்று. பனிக்காலத்தில் வீட்டைச் சூடாக வைத்திருக்கும் உயிர்த்துணை. மரத்தைப் பிளந்து அடுக்கி, பல மாதங்கள் உலரவைத்தாலன்றி அது நன்கு எரியாது. கோடரியால் பல நாள் பாடுபட்டுச் செய்யும் அவ்வேலையை ஹைட்ராலிக் பொறி விரைந்து முடித்துத் தருகிறது.

அதன் தத்துவம் எளிது. அடைபட்ட நீர்மத்தின்மேல் ஓரிடத்தில் தரும் அழுத்தம் எல்லாத் திசைகளிலும் குறையாமல் பரவும் என்பதை 17-ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு அறிஞர் பாஸ்கல் விளக்கினார். அவ்விதியைக் கொண்டு இயங்கும் அழுத்தப் பொறிக்கு 1795-இல் இங்கிலாந்தின் ஜோசப் பிரமா காப்புரிமை பெற்றார். விறகுப் பொறியும் அந்த வழியில் வந்ததே. எஞ்சின் எண்ணெய்ப் பம்பைச் சுழற்றுகிறது. எண்ணெய் உருளைக்குள் புகுந்து தண்டைத் தள்ளுகிறது. தண்டு மரத்துண்டை, உத்திரத்தின் மறுமுனையில் பற்றவைக்கப்பட்ட எஃகு ஆப்பின்மீது அழுத்துகிறது. உருளையின் உள்விட்டம் 10 செ.மீ. என்றும், எண்ணெயின் அழுத்தம் சதுர செ.மீ.க்கு 200 கிலோ என்றும் கொண்டால், தண்டு தரும் விசை 15 டன்னுக்கும் மேலாகும். ஆப்பு மரத்தைப் பிளக்க முயலும் அதே விசையோடு, மரமும் ஆப்பை அதன் அடியிலிருந்து பெயர்க்க முயல்கிறது. ஆயிரக்கணக்கான முறை இப்போராட்டம் நிகழ்ந்தபின், ஒருநாள் ஆப்பின் அடியில் மயிரிழை போன்ற கீறல் தோன்றுகிறது. அது மெல்ல வளர்ந்து, முடிவில் ஆப்பு சாய்கிறது. பொறி பட்டறைக்கு வருகிறது.

இங்கே பற்றவைப்பவன்முன் இரு வழிகள் உள்ளன. முதல் வழி, கீறலின்மேல் உருகிய உலோகத்தைப் படரவிட்டு மூடிவிடுவது. அரைமணி நேரத்தில் வேலை முடியும். ஆயினும் கீறல் உள்ளேயே இருக்கும்; அடுத்த சுமை ஏறும்போது அது புதிய உலோகத்தையும் கிழித்துக்கொண்டு மேலே வரும்.

இரண்டாம் வழி நீண்டது. எண்ணெயையும் வண்ணப்பூச்சையும் துருவையும் நீக்கவேண்டும். கீறல் எங்கே முடிகிறது என்று தேடிக் காணவேண்டும். சாணைச் சக்கரத்தால் அதன் அடிவரை தோண்டி, நல்ல உலோகம் தென்படும்வரை பழுதானதை அகற்றவேண்டும். தடித்த எஃகை முன்கூட்டிச் சூடேற்றவேண்டும். பற்றவைப்புக் கம்பி ஈரம் உறிஞ்சியிருந்தால் அதிலிருந்து ஹைட்ரஜன் எஃகினுள் புகும்; வேலை முடிந்து ஒரு நாள் கழிந்த பின்புகூட அதனால் விரிசல் காணும். எனவே கம்பியை உலர வைத்திருக்கவேண்டும். ஒவ்வோர் அடுக்கு இட்டபின்பும் கசடைத் தட்டிக் களைந்து, அதன்மேல் அடுத்த அடுக்கை இடவேண்டும். பிறகு மெல்ல ஆறவிடவேண்டும்.

இவ்விரு வழிகளில் எவ்வழியில் செய்யினும், மேலே வண்ணம் பூசியபின் பார்ப்பவர்க்கு இரண்டும் ஒன்றே. கூலி கொடுப்பவனுக்கு வேறுபாடு தெரியாது. செய்தவன் ஒருவனுக்கே தெரியும். அறத்தின் வினா இங்கேதான் பிறக்கிறது.

இதற்கு ஒரு தடை எழுப்பப்படலாம். பொறியின் உரிமையாளன் வறியவனாக இருக்கிறான், பனிக்காலமோ நெருங்கிவிட்டது, "எப்படியாவது இன்றே ஓடச் செய்தால் போதும்" என்று அவனே கேட்கிறான். அவன் கேட்டதைக் கேட்ட விலைக்குச் செய்து தருவது இரக்கம் அன்றோ? இத்தடையை எளிதில் தள்ள முடியாது. முழுமையான வேலையையே செய்வேன் என்று பிடிவாதம் பிடித்து, ஏழையைக் குளிரில் விடுவது அறம் ஆகாது. தற்காலிகமாகச் செய்து தருவதில் குற்றமில்லை. அதை நிலையானது என்று நம்பவைப்பதில்தான் குற்றம். "இது சிறு மரங்களுக்கு மட்டுமே தாங்கும், கணுவுள்ள பெருமரத்தை இதில் வைக்காதே, இன்ன நாளில் மீண்டும் கொண்டு வா" என்று சொல்லித் தருபவன் வாய்மையாளன். சொல்லாமல் வண்ணம் பூசித் தருபவன் வாய் திறவாமலே பொய் சொல்லியவன். வாய்மைக்கு இலக்கணம் கூறிய வள்ளுவர், பிறர்க்குத் தீங்கு விளையாமையையே அதன் அளவுகோலாகக் கொண்டார். அவ்வளவுகோல் பேசும் வாய்க்கு மட்டும் உரியதன்று; வேலை செய்யும் கைக்கும் உரியது.

மேலும், உரிமையாளனின் இசைவு அவன் ஒருவனுக்கே பொருந்தும். அப்பொறியின் அருகே நாளை அவன் மகன் நிற்பான். இரவல் வாங்கிய அண்டைவீட்டான் நிற்பான். 15 டன் விசையில் ஆப்பு பெயர்ந்தால் அது யாரைத் தாக்கும் என்று யார் அறிவார்? ஆப்பசைத்த குரங்கின் கதையை நாம் இளமையிலேயே கேட்டிருக்கிறோம். அக்குரங்கு தானே ஆப்பைப் பிடுங்கித் தானே அகப்பட்டது. இங்கோ ஆப்பை அசைத்துவைத்தவன் ஒருவன், அகப்படுபவன் வேறொருவன்.

'சிறு வேலைதானே' என்ற எண்ணம் எவ்வளவு கொடியது என்பதை வட கடல் கண்டிருக்கிறது. 1980 மார்ச் 27 அன்று, நார்வேயின் 'அலெக்சாண்டர் கீலண்ட்' என்னும் மிதக்கும் மேடை புயலில் கவிழ்ந்தது. அதிலிருந்த 212 பேரில் 123 பேர் மாண்டனர். மேடையைத் தாங்கிய குழாய்ச் சட்டம் ஒன்றில், ஒலியுணர் கருவி ஒன்றைப் பொருத்துவதற்காக இடப்பட்டிருந்த 6 மி.மீ. அளவுள்ள பற்றவைப்பிலிருந்தே கீறல் தொடங்கியது என்று விசாரணையில் தெரிந்தது. கருவி சிறியது, ஆனால் அதைத் தாங்கிய சட்டமோ பலருடைய உயிரைத் தாங்கியது.

எனினும் பழி முழுவதையும் பற்றவைப்பவன் தலையில் சுமத்துவதும் நீதியன்று. 1943 சனவரி 16 அன்று, அமெரிக்காவின் போர்ட்லாந்தில், 'ஸ்கெனெக்டடி' என்ற புத்தம்புதிய எண்ணெய்க் கப்பல் அமைதியான நீரில் நின்றபடியே ஏறக்குறைய இரண்டாகப் பிளந்தது. போர்க்காலத்தில் பற்றவைத்துக் கட்டிய வேறு பல கப்பல்களும் விரிசல் கண்டன. பின்னர் நடந்த ஆய்வுகள், பற்றவைப்பின் குறைகளோடு, குளிரில் நொறுங்கும் எஃகையும் கூர்மூலைகள் கொண்ட அமைப்பையும் காரணமாகக் காட்டின. ஆகவே கைவினைஞனின் கடமை நன்றாகப் பற்றவைப்பதோடு முடிவதில்லை. "இந்த இரும்பு பற்றவைப்பை ஏற்காது, இந்த உருளை இனி அழுத்தம் தாங்காது, இதை நான் தொடமாட்டேன்" என்று மறுப்பதும் அவன் கடமையே. வந்த கூலியை இழந்து சொல்லும் அந்த 'மாட்டேன்' என்ற சொல்லில்தான் பல வேளைகளில் தொழிலறம் முழுவதும் அடங்கியிருக்கிறது.

திருச்சிராப்பள்ளியில் கொதிகலன்களைப் பற்றவைக்கும் நம்மவர் கைத்திறத்தை நாம் அறிவோம். அத்தகைய தொழிற்சாலைகளில் முதன்மையான ஒட்டுகளை எக்ஸ் கதிர் ஊடுருவிப் பார்க்கிறது; மேற்பார்வையாளர் கையொப்பம் இடுகிறார். விறகுப் பொறியின் ஆப்புக்கோ, தெருவோரப் பட்டறைக்கு வரும் வண்டியின் அச்சுக்கோ அத்தகைய காவல் இல்லை. காவல் உள்ள இடத்தில் அச்சமும் அறத்தின் வேலையைச் செய்துவிடும். காவல் இல்லாத இடத்தில் செய்பவனின் நெஞ்சமே மேற்பார்வையாளன்.

பிறந்த ஊரைவிட்டு வந்து வாழும் நமக்கு இது அயலார் செய்தி அன்று. நாம் ஏறும் மின்தூக்கியையும் நம் குழந்தைகள் செல்லும் பேருந்தையும் செப்பம் செய்தவர் முகத்தை நாம் கண்டதில்லை. நாம் செய்யும் வேலையின் பயனைப் பெறுவோரும் நம் முகத்தை அறியார். அறியாதவர் அறியாதவர்மேல் வைக்கும் நம்பிக்கையினால்தான் பெருநகரம் நிற்கிறது.

ஆகவே முதலில் எழுப்பிய வினாவிற்கு நம் விடை இது: சுமை தாங்கும் பொருளில் ஒட்டை மறைப்பது புகழன்று. ஆப்பின் அடியில் இட்ட மூலைப் பற்றவைப்பை அழகுக்காகத் தேய்த்து மட்டமாக்கினால், அதன் வலிமையே குறையும். அத்தழும்பு தெரியட்டும். ஒவ்வொரு பருவமும் பொறியை இயக்குமுன், எங்கே பார்க்கவேண்டும் என்பதை அதுவே காட்டும். "இங்கே உடைந்தேன், இங்கே இணைந்தேன், இங்கே என்னைக் கவனித்துக்கொள்" என்று சொல்லும் இரும்பு, உடையாததுபோல் நடிக்கும் இரும்பைவிட நம்பத்தக்கது.