எண்பது வெள்ளிக்கு வாங்கியது என்ன?

சில வாரங்களுக்கு முன், ஞாயிற்றுக்கிழமை வகுப்பு முடிந்து எல்லாரும் தே தாரிக் குடித்துக்கொண்டிருந்தபோது ஒரு தம்பி என்னிடம் வந்தார். புதிதாகத் திருமணமானவர். ரவாங் பக்கம் அடுக்குமாடி வீடு ஒன்றுக்குக் குடிபோயிருக்கிறார்.

"அண்ணே, துணி வைக்க அலமாரி ஒன்னு வாங்கினேன். பெட்டிக்குள்ள பலகை பலகையா வந்திருக்கு. ஃபிட் பண்ணிக் கொடுக்க ஒருத்தரு எண்பது வெள்ளி கேக்கறாரு. கொடுக்கலாமா, இல்ல நாமளே செஞ்சிக்கலாமா?"

"கொடுத்துடுங்க தம்பி, தலைவலி மிச்சம்" என்று சொல்லிவிட்டு அடுத்த பேச்சுக்குப் போய்விட்டேன். வீட்டுக்குக் கார் ஓட்டி வரும்போதுதான் மனம் உறுத்தியது. இதே கேள்விக்கு இரண்டு வருடத்துக்கு முன் நான் கண்டுபிடித்த பதில், என் வீட்டிலேயே ஒருவரை நோகடித்தது. அதைச் சொல்லாமல் அவருக்குப் பாதிப் பதிலை மட்டும் கொடுத்துவிட்டேன். மீதிப் பாதியை இங்கே எழுதுகிறேன். இந்த வயதில் வீடு மாறும் இளைஞர்கள் நிறைய பேர் இதைப் படிப்பீர்கள் என்ற நம்பிக்கையில்.

முதலில் பணக் கணக்கு

அம்மா தவறிய பிறகு அப்பாவைப் பூச்சோங்கில் எங்கள் வீட்டுக்கே அழைத்து வந்தோம். அவர் அறைக்கு இரண்டு கதவு அலமாரி ஒன்று வாங்கினேன். மூன்று அட்டைப் பெட்டி, ஒரு பை நிறைய ஸ்க்ரூ, எழுத்தே இல்லாத ஒரு படப் புத்தகம்.

நான் போட்ட கணக்கு இதுதான். என் சம்பளத்தை வேலை நேரத்தால் வகுத்தால் மணிக்குச் சுமார் 30 ரிங்கிட் வருகிறது. நானே செய்தால் ஐந்து மணி நேரம் ஆகும். அதாவது 150 ரிங்கிட். ஆள் கேட்பது 80. ஆகவே 70 ரிங்கிட் லாபம்! நம்மில் பலரும் இப்படித்தான் கணக்குப் போடுகிறோம். "என் நேரத்துக்கு மதிப்பு இருக்கு" என்று பெருமையாகவும் சொல்லிக்கொள்கிறோம்.

இந்தக் கணக்கில் ஓர் ஓட்டை இருக்கிறது. சனிக்கிழமை மத்தியானம் எனக்கு மணிக்கு 30 ரிங்கிட் கொடுக்க யாரும் காத்திருக்கவில்லை. மிச்சமான நேரத்தில் நான் என்ன செய்தேன்? சோபாவில் சாய்ந்து கைப்பேசியைத் தள்ளிக்கொண்டிருந்தேன். யாரோ சமைப்பதையும் யாரோ நாய்க்குட்டி குளிப்பாட்டுவதையும் பார்த்தேன். 80 ரிங்கிட் கொடுத்து நான் வாங்கியது அதைத்தான்.

உண்மையில் 80 கூட இல்லை. "அறுபதுக்கு முடிங்களேன்" என்று பேரம் பேசி, கடைசியில் 70க்கு ஒத்துக்கொள்ள வைத்தேன்.

வந்தவரின் கணக்கு

கிள்ளானிலிருந்து வந்த இளைஞர். நல்ல பையன். சொந்த டிரில், முழங்காலுக்கு ஒரு பழைய மெத்தை. ஒரு மணி நேரம் பத்து நிமிடத்தில் வேலையை முடித்துவிட்டார். நான் கடிகாரத்தைப் பார்த்தேன். எழுபது நிமிஷம், எழுபது வெள்ளி. நிமிஷத்துக்கு ஒரு வெள்ளியா என்று மனசு முணுமுணுத்தது.

அவர் போன பிறகு, அட்டைப் பெட்டிகளையும் அவரே மடித்துக் கீழே கொண்டுபோனதைப் பார்த்த பிறகுதான், அவர் பக்கத்துக் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். வர முக்கால் மணி, திரும்ப முக்கால் மணி. கார்ட் ஹவுஸில் அடையாள அட்டையைக் கொடுத்துவிட்டு நின்றது, லிஃப்டுக்குக் காத்திருந்தது எல்லாம் சேர்த்தால் மொத்தம் மூன்று மணி நேரம். பெட்ரோலும் டோலும் போக அவர் கையில் 55 ரிங்கிட் நின்றிருக்கும். மணிக்கு 18 ரிங்கிட். அதில் முதலாளி போடும் இபிஎஃப் பங்கு கிடையாது. மருத்துவ விடுப்பு கிடையாது. விரலில் டிரில் பட்டால் அடுத்த வாரச் சம்பாத்தியம் போச்சு.

அவரிடம் நான் குறைத்தது பத்து வெள்ளி. அன்று இரவு பீட்சா கடையில் பேரம் பேசாமல் 90 வெள்ளி கட்டினேன்.

இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். இந்த அட்டைப் பெட்டிச் சாமான்கள் ஏன் மலிவு? 1943இல் சுவீடனில் தொடங்கப்பட்ட ஐக்கியா, 1950களின் நடுவில் மேசைக் கால்களைக் கழற்றித் தட்டைப் பெட்டியில் அடைத்து விற்க ஆரம்பித்தது. லாரியில் அதிகம் ஏற்றலாம், கிடங்கில் அதிகம் அடுக்கலாம், வழியில் உடைவதும் குறையும். கடைசி வேலையை வாங்குபவரே செய்துகொள்வார். இந்த யோசனை உலகமெங்கும் பரவியது. 1996இல் ஐக்கியா நம் நாட்டுக்கும் வந்தது. இன்று இணையத்தில் விற்கும் சின்னச் சின்னக் கடைகளும் இதே முறையில்தான் அனுப்புகின்றன.

ஆக, அந்த மலிவு விலைக்குள் நம் உழைப்பும் அடக்கம். பெட்டியைத் தூக்கி வண்டியில் வைத்தபோதே 'கடைசி வேலை என்னுடையது' என்று நாம் ஒப்புக்கொண்டுவிட்டோம். பிறகு அந்த வேலையை இன்னொருவர் தோளில் ஏற்றிவிட்டு, அவர் கூலியையும் குறைக்கப் பார்ப்பது என்ன நியாயம்? ஆள் வைப்பது தப்பில்லை. ஆள் வைத்துவிட்டு அந்த வேலையை அற்பமாக நினைப்பதுதான் தப்பு. அப்படி அற்பமான வேலை என்றால் நாமே செய்திருக்கலாமே!

கணக்கில் வராதது

இப்போது அப்பாவின் கதைக்கு வருகிறேன். அப்பா பிறந்தது கோல சிலாங்கூர் பக்கம் ஒரு தோட்டத்தில். பிறகு ஷா ஆலாமில் ஒரு தொழிற்சாலையில் முப்பது வருடம் இயந்திரம் பழுது பார்த்தார். எங்கள் வீட்டுக்கு வந்தபோது அவர் கொண்டுவந்தது இரண்டு பை துணி, அம்மாவின் படம், ஒரு பச்சை நிறக் கருவிப் பெட்டி. அந்தப் பெட்டியைக் கட்டிலுக்கு அடியில் வைத்திருந்தார்.

அந்த இளைஞர் வேலை செய்தபோது அப்பா அறை வாசலிலேயே நின்றார். பின்பலகையை ஆணியடிக்கப் போகும் நேரத்தில் மெதுவாகச் சொன்னார்: "தம்பி, அடிக்கறதுக்கு முன்னால மூலைக்கு மூலை குறுக்க அளந்து பாருங்க. ரெண்டு அளவும் ஒன்னா இருந்தாத்தான் கதவு நேரா நிக்கும்." அவரும் அளந்து பார்த்தார். அரை அங்குலம் வித்தியாசம். "கரெக்ட் அங்கிள், நல்ல வேளை" என்று சிரித்தார்.

இரவு சாப்பிடும்போது அப்பா தட்டைப் பார்த்தபடி, "என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமேய்யா" என்றார்.

"உங்களுக்கு எதுக்குப்பா சிரமம்?"

அவர் பதில் சொல்லவில்லை. மறுநாள் பார்த்தேன். பச்சைப் பெட்டி கட்டிலுக்கு அடியில் இல்லை. ஸ்டோர் ரூமில், பழைய மின்விசிறிக்குப் பின்னால் இருந்தது.

நான் அன்பாகத்தான் சொன்னேன். ஆனால் 'உங்களுக்கு எதுக்கு சிரமம்' என்பதை அவர் 'இனி உங்களால் ஆக வேண்டியது ஒன்றும் இல்லை' என்று கேட்டிருக்கிறார். நம் வீட்டுப் பெரியவர்களை நாம் எத்தனை முறை இப்படி மரியாதையோடு ஓரமாக உட்கார வைக்கிறோம்! கை நிறைய வேலை தெரிந்த ஒரு மனிதரை வீட்டில் வைத்துக்கொண்டு, அவர் கண் முன்னால் கிள்ளானிலிருந்து ஆள் வரவழைத்தேன். அந்தச் செலவு எந்த ரசீதிலும் இல்லை.

ஆறு மாதம் கழித்து மகளுக்குப் படிப்பு மேசை வாங்கினேன். இந்த முறை பெட்டியைப் பிரிப்பதற்கு முன் அப்பாவிடம் போய், "அப்பா, இதைச் செய்யணும், எனக்குத் தெரியல" என்றேன். ஸ்டோர் ரூமுக்கு அவரே போனார்.

பிளாஸ்டிக் நாற்காலியில் அவர் மேஸ்திரி. தரையில் நான் கூலி. ஸ்க்ரூக்களை ரகம் பிரித்து முட்டைத் தட்டில் போடுவது மகளின் பொறுப்பு. மேசைக் காலை எடுத்து ஒளியில் திருப்பிப் பார்த்த அப்பா சொன்னார்: "இது நம்ம பால் மரம்டா." பெட்டியைப் பார்த்தேன். முவாரில் செய்தது, ரப்பர் மரம்.

பால் மரத்தை ஏறக்குறைய இருபத்தைந்து முப்பது வருடம் வெட்டிப் பால் எடுப்பார்கள். பால் குறைந்ததும் சாய்த்துவிட்டு வேறு கன்று நடுவார்கள். அப்படிச் சாய்த்த மரம் ஒரு காலத்தில் விறகுக்குத்தான் போனது. பூச்சியும் பூஞ்சையும் சீக்கிரம் பிடிக்கும் மரம் அது. மருந்து ஏற்றிப் பதப்படுத்தும் முறை வந்த பிறகுதான் மேசை நாற்காலிக்கு உதவியது. இன்று மலேசியாவின் பெரிய ஏற்றுமதிச் சரக்குகளில் அதுவும் ஒன்று. ஜொகூரில் உள்ள முவார் அதற்குப் பேர்போன ஊர்.

"உன் பாட்டியோட அம்மாவா தாத்தா வெட்டுனாங்க?" என்று மகள் குழம்பிப்போய்க் கேட்டாள். "என்னோட அம்மா" என்று அப்பா ஆரம்பித்தார். விடியற்காலை நாலரை மணி, தலையில் கட்டிய விளக்கு, கொசு, மழை வந்தால் அன்றைய கூலி போகும் கதை. எனக்கே பாதி புதிது. மேசை முடிய நான்கு மணி நேரம் ஆனது. நடுவில் நான் ஒரு பலகையைத் தலைகீழாகப் பொருத்தி, எல்லாவற்றையும் கழற்றி, அப்பாவிடம் திட்டும் வாங்கினேன். இழுப்பறைக் கைப்பிடி ஒன்று இன்றும் கோணலாக இருக்கிறது. மாற்ற மகள் விடமாட்டேன் என்கிறாள்.

அறிஞர்கள் இதையும் ஆராய்ந்திருக்கிறார்கள். மைக்கேல் நார்ட்டன், டேனியல் மோச்சோன், டான் ஏரியலி என்ற மூவர் 2012இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். சாதாரணப் பெட்டி ஒன்றைத் தாமே பொருத்தியவர்கள், பொருத்தி வைத்த அதே பெட்டியைப் பெற்றவர்களைவிட 63 விழுக்காடு அதிக விலை கொடுக்கத் தயாராக இருந்தார்களாம். வேலையை முடிக்காமல் விட்டவர்களிடம் இந்தப் பற்று இல்லை. கேலியாகப் பார்த்தால், காக்கைக்குத் தன் குஞ்சு பொன் குஞ்சு. கோணல் கைப்பிடி எங்கள் கண்ணுக்கு மட்டும்தான் அழகு. ஆனால் மேசையின் விலையை விடுங்கள். அந்த நான்கு மணி நேரத்தில் ஒரு பேத்தி தன் கொள்ளுப்பாட்டியைத் தெரிந்துகொண்டாள். ஆள் வைத்திருந்தால் அது நடந்திருக்காது.

அதற்காக எல்லாரும் தாமே செய்யுங்கள் என்கிறேனா?

இல்லை. என் தங்கை சிரம்பானில் தாதி. இரவு வேலை, இரண்டு பிள்ளைகள், தனி ஆள். எண்பது வெள்ளி மிச்சம் பிடிக்க இழுப்பறை அலமாரி ஒன்றை நடுராத்திரியில் அவளே பொருத்தினாள். நான் போய்ப் பார்த்தபோது அது ஆடிக்கொண்டிருந்தது. சுவரோடு பிணைக்கும் பட்டை பைக்குள்ளேயே கிடந்தது, ஏனென்றால் அவளிடம் டிரில் இல்லை. இது சின்ன விஷயம் அல்ல. இப்படிப்பட்ட அலமாரிகள் கவிழ்ந்து குழந்தைகள் இறந்ததால், 2016இல் அமெரிக்காவில் சுமார் 29 மில்லியன் அலமாரிகளைத் திரும்பப் பெற வேண்டியதாயிற்று.

அவளுக்கு அந்த எண்பது வெள்ளி வீண் செலவே அல்ல. தூக்கத்துக்கும் பிள்ளைகளின் உயிருக்கும் கொடுக்கும் காசு அது. ஆனால் அவள் ஏன் ஆளும் வைக்காமல் தனியாகச் செய்தாள் தெரியுமா? "வரேன், வரேன்" என்று நான் மூன்று மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். கைப்பேசியைத் தள்ள எனக்கு நேரம் இருந்தது. சிரம்பானுக்குப் போக இல்லை.

ஆகவே தம்பி, எண்பது வெள்ளி கொடுக்கலாமா என்ற கேள்விக்கு என் முழுப் பதில் இது. ஆளைக் கூப்பிடும் முன், வீட்டில் யாரைக் கேட்காமல் விட்டோம் என்று பாருங்கள். அப்பாவோ மாமனாரோ இருக்கலாம். பக்கத்தில் நின்று பலகை பிடிக்கக் காத்திருக்கும் உங்கள் மனைவியாகவும் இருக்கலாம். பிறகு, மிச்சமாகும் நேரத்தை எதற்குக் கொடுக்கப் போகிறீர்கள் என்று உண்மையாக யோசியுங்கள். உடம்புக்கு முடியாதவர்கள், ஓய்வே இல்லாதவர்கள், கருவி இல்லாதவர்கள் தயங்காமல் ஆளைக் கூப்பிடலாம். கூப்பிட்டால் கேட்ட கூலியைக் குறைக்காதீர்கள். உட்கார வைத்துத் தண்ணீர் கொடுங்கள். அவர் பெயரைக் கேளுங்கள். நான் கேட்கவில்லை என்பது இதை எழுதும்போதுதான் நினைவுக்கு வருகிறது.

இன்னும் ஆள் சொல்லவில்லை என்றால் எனக்கு ஒரு போன் போடுங்கள். வரும் ஞாயிறு வகுப்பு முடிந்து ரவாங் வருகிறேன். அப்பாவும் வருவார், பச்சைப் பெட்டியும் வரும். திட்டு வாங்குவதற்கு மட்டும் தயாராக இருங்கள்.