தானம் கொடுத்த மாட்டின் பல்

சென்னையின் அட்சரேகை ஏறத்தாழ 13.08, தீர்க்கரேகை 80.27. இந்த இரண்டு எண்களையும் இடம் மாற்றிப் போட்டால் சென்னை ஆர்க்டிக் கடலுக்குப் போய்விடும். ஸ்வால்பார்டு தீவுகளுக்குப் பக்கத்தில், தண்ணீருக்கு நடுவே. 2019 மே மாதம் ஜிடால் 3.0 வெளிவந்தபோது, அதை நம்பி எழுதப்பட்ட பழைய நிரல்களுக்கு இந்த ஆபத்து உண்மையிலேயே வந்தது. இதில் யாரும் தப்பு செய்யவில்லை என்பதுதான் வேடிக்கை. ஈபிஎஸ்ஜி பட்டியலில் 4326 என்ற எண்ணுள்ள ஆய முறைப்படி அட்சம் முதலில் வர வேண்டும், தீர்க்கம் பிறகு. மென்பொருள் எழுதுகிறவர்களோ பள்ளிக்கூட வரைபடத்தாள் பழக்கத்தில் கிடைக்கோட்டு எண்ணை, அதாவது தீர்க்கத்தை, முதலில் போட்டுப் பழகியவர்கள். ஜிடாலின் புதிய பதிப்பு விதியை விதிப்படி கடைப்பிடிக்கத் தொடங்கியது. அவ்வளவுதான்.

ஜிடால் பெயரைக் கேள்விப்படாதவர்கள்கூட அதைப் பயன்படுத்தியிருப்பார்கள். 1998இல் ஃபிராங்க் வார்மர்டாம் தொடங்கிய லைப்ரரி அது. செயற்கைக்கோள் படம், நில அளவைக் கோப்பு என்று எந்த வடிவத்தில் வந்தாலும் படித்துக் கொடுக்கும். அதற்கும் கீழே புரோஜ் இருக்கிறது. உருண்டையான பூமியைத் தட்டையான தாளில் விரிக்கும் கணக்குகளை, அமெரிக்க நில ஆய்வு நிறுவனத்தில் இருந்த ஜெரால்டு எவெண்டன் 1980களில் எழுத ஆரம்பித்ததன் தொடர்ச்சி. இந்த இரண்டின் மேல்தான் க்யூஜிஐஎஸ், போஸ்ட்ஜிஐஎஸ், கிராஸ் எல்லாம் உட்கார்ந்திருக்கின்றன. 1802இல் பரங்கிமலைப் பக்கம் லாம்டன் அடிக்கோடு அளந்து தொடங்கிய பெரும் நில அளவையின் வழியில் வந்த நம்முடைய பழைய வரைபடங்கள் எவரெஸ்ட் நீள்வட்டத்தை அடிப்படையாகக் கொண்டவை. அவற்றை இன்றைய ஜிபிஎஸ் எண்களோடு பொருத்தும்போது இந்தக் கணக்கைச் செய்யாமல் விட்டால், சென்னையில் ஒரு வீடு நூறு மீட்டருக்கு மேல் தள்ளிப் போய் நிற்கும். நம்ம ஊரில் பட்டா வழக்கு போட நூறு மீட்டர் வேண்டாம், நூறு சென்டிமீட்டரே போதும்.

இப்போது கேள்விக்கு வருகிறேன். இலவசமாகக் கொடுத்த ஒன்றுக்கு, கொடுத்தவர் பொறுப்பா?

கட்டற்ற மென்பொருள் உரிமங்கள் இதற்குத் தெளிவாகவே பதில் சொல்கின்றன: எந்த உத்தரவாதமும் கிடையாது, என்ன நடந்தாலும் உங்கள் பாடு. சட்டப்படி இது சரி. நியாயப்படியும் பெரும்பாலும் சரிதான் என்று நினைக்கிறேன். தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கலாமா என்று நம் ஆட்களே கேட்டிருக்கிறார்கள். ஆனால் உழவு அந்த மாட்டை நம்பித்தான் நடக்கிறது. வயல் இன்னொருவருடையது. யாராவது பல்லைப் பார்த்துத்தானே ஆக வேண்டும்?

அந்த வேலையைச் செய்கிறவர்கள் கொடுப்பவர்களும் அல்ல, எடுப்பவர்களும் அல்ல. நடுவில் இருக்கிறார்கள். பேக்கேஜ் போடுகிறவர்கள். டெபியனில் புவியியல் மென்பொருட்களுக்கென்றே ஒரு தன்னார்வக் குழு இருக்கிறது. விண்டோஸ்காரர்களுக்காக ஓஎஸ்ஜியோ4டபிள்யூ, உபுண்டுவில் புதிய பதிப்பு வேண்டுபவர்களுக்காக உபுண்டுஜிஐஎஸ் என்று தனித்தனிக் கிடங்குகளும் உண்டு. இவர்கள் செய்வது வெறும் மூட்டை கட்டும் வேலை என்று தோன்றும். புரோஜின் பெரிய பதிப்பு மாறினால் அதைச் சார்ந்த எல்லாவற்றையும் ஒரே சமயத்தில் மறுபடி கட்ட வேண்டும். ஜிடால் புதிய புரோஜையும் க்யூஜிஐஎஸ் பழையதையும் பிடித்துக்கொண்டு நின்றால், ஒரே நிரலுக்குள் இரண்டு பூகோளங்கள் ஓடும். ஆகவே ஒவ்வொரு மூல நிரலின் ஆசிரியருக்கும் எழுதி, 'உங்களுடையது புதியதோடு ஒத்துப்போகவில்லை, இதோ திருத்தம்' என்று சொல்லி, பதில் வராதவருக்கு மறுபடி எழுதி, எல்லோரையும் ஒரே கோட்டில் நிறுத்தி, அப்புறம்தான் கதவைத் திறக்க முடியும். கல்யாண வீட்டில் பந்தி விசாரிப்பவரைப் போன்ற வேலை. சாப்பாடு நன்றாக இருந்தால் சமையல்காரருக்குப் பெயர். இலை போடத் தாமதமானால் இவருக்குத் திட்டு.

புரோஜ் 6 வெளிவந்தது 2019 மார்ச் 1. அதற்குள் டெபியன் 10க்கான பெரிய மாற்றங்களுக்கு ஜனவரியிலேயே கதவு அடைக்கப்பட்டிருந்தது. ஜூலையில் அந்த டெபியன் வந்தபோது உள்ளே இருந்தவை புரோஜ் 5.2, ஜிடால் 2.4, க்யூஜிஐஎஸ் 2.18. க்யூஜிஐஎஸ் 3.0 வந்து அப்போதே ஒன்றரை வருஷம் ஓடியிருந்தது. 'ஏன் இன்னும் புதுசு வரல?' என்று கேட்பவருக்கு இதைவிடப் பெரிய சாட்சி வேண்டாம்.

அந்தக் கேள்வி நியாயமானதுதான். புதிய வசதியை நம்பி ஆய்வேட்டை எழுதிக்கொண்டிருக்கும் மாணவிக்கு டெபியனின் நிதானம் வெறும் சோம்பலாகத் தெரியும். மூல நிரல் எழுதியவருக்கும் எரிச்சல் வரும். அவர் எப்போதோ சரிசெய்துவிட்ட வழுவைப் பற்றி, பழைய பதிப்பை வைத்திருப்பவர்கள் அவரிடமே வந்து புகார் சொல்வார்கள். க்யூஜிஐஎஸ் குழு டெபியனுக்கும் உபுண்டுவுக்கும் தானே தனிக் கிடங்கு நடத்துவதை இந்தப் பின்னணியில் புரிந்துகொள்ளலாம். ஆனால் மறுபக்கத்தில் ஏதோ ஒரு குடிநீர் வாரியத்தின் சர்வர் இருக்கும். குழாய்களின் வரைபடம் அதில் ஓடுகிறது, பார்த்துக்கொள்ள ஒரே ஒரு ஆள். அவருக்குத் தேவையானது ஒன்றே ஒன்று: நேற்று இருந்த இடத்தில் இன்றும் குழாய் இருக்க வேண்டும். ஒரு நள்ளிரவு அப்டேட்டில் அட்சமும் தீர்க்கமும் இடம் மாறினால், 'உரிமத்தைப் படிக்கலையா?' என்று அவரிடம் கேட்பது எவ்வகை அறம்?

பேக்கேஜ் போடுகிறவர் இந்த இருவருக்கும் நடுவே 'இப்போது வேண்டாம்' என்று சொல்கிறார். உரிமம் மறுத்த உத்தரவாதத்தை, யாரும் கேட்காமலேயே, தன் நேரத்தால் கொஞ்சம் திருப்பிக் கொடுக்கிறார். கையெழுத்துப் போட்ட ஒப்பந்தம் எதுவும் இல்லை. இருந்தும் அதை வாக்கு என்று சொல்லாமல் வேறென்ன சொல்வது? வள்ளுவர் ஒப்புரவறிதலுக்கும் ஈகைக்கும் தனித்தனி அதிகாரம் வைத்ததை இங்கே நினைத்துக்கொள்கிறேன். நிரலை எழுதி வெளியிடுவதை ஈகை என்று வைத்துக்கொண்டால், பேக்கேஜ் வேலை ஒப்புரவின் பக்கம். ஊரோடு சேர்ந்து வாழ்கிறவன் ஊருக்குச் செய்தாக வேண்டியது. ஈகைக்குப் புகழ் கிடைக்கும், ஒப்புரவு கண்ணில் படுவதே அபூர்வம்.

நம்முடைய ஏரிப் பாசனத்தில் நீர்க்கட்டி என்று ஒருவர் இருந்தார், சில ஊர்களில் இன்னும் இருக்கிறார். மடையைத் திறப்பதும் அடைப்பதும் எந்த வயலுக்கு எவ்வளவு நேரம் தண்ணீர் என்று பிரித்து விடுவதும் அவர் வேலை. ஏரியை வெட்டியவர் அவர் இல்லை. பெரும்பாலும் அவருக்குச் சொந்த நிலமும் கிடையாது. அதனாலேயே அவர் நடுநிலையாக இருப்பார் என்று ஊர் நம்பியது. அறுவடையில் ஒவ்வொரு வயலிலிருந்தும் அவருக்குப் பங்கு நெல். இதைக் கேட்டதும் 'ஆஹா, நம் முன்னோர்கள்' என்று கிளம்பிவிடக் கூடாது. பல ஊர்களில் அந்த வேலை ஒடுக்கப்பட்ட சாதிகளின் தலையில் பரம்பரையாகக் கட்டப்பட்டிருந்தது. வேண்டாம் என்று இறக்கி வைக்கும் உரிமை அவருக்கு இல்லை. தன்னார்வலருக்கு அந்த உரிமை இருக்கிறது, அது மிகப் பெரிய வித்தியாசம். ஆனால் அவருக்குப் பங்கு நெல் இல்லை. ஜிடாலுக்கு 2021இலிருந்து நிறுவனங்கள் சேர்ந்து பராமரிப்புப் பணம் கொடுக்கின்றன, நல்ல விஷயம். பணம் இன்னும் ஏரியை நோக்கித்தான் போகிறது, மடைக்கு வருவது குறைவு.

இதில் உண்மையிலேயே என்ன பணயம் என்பது 2024 மார்ச் 29 அன்று தெரிந்தது. எக்ஸ்இசட் என்ற சுருக்கும் லைப்ரரியில் ஒரு கள்ளக் கதவு இருப்பதை ஆண்ட்ரெஸ் ஃபிராய்ண்ட் என்ற பொறியாளர் அன்று அறிவித்தார். தொலைவிலிருந்து சர்வருக்குள் நுழைவது சுமார் அரை வினாடி தாமதமாகிறதே என்று தோண்டிப் பார்த்துக் கண்டுபிடித்தது. வரைபடத்துக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்றால், ஜிடால் டிஃப் படங்களைப் படிக்கச் சார்ந்திருக்கும் லைப்ரரி, டெபியனில் இதே எக்ஸ்இசட்டைச் சார்ந்திருக்கிறது. எல்லாம் ஒரே கயிறு.

அந்தக் கள்ளத்தனம் நடந்த விதத்தைத்தான் நான் திரும்பத் திரும்ப நினைக்கிறேன். எக்ஸ்இசட்டைப் பல ஆண்டுகளாக ஒருவர் ஏறக்குறையத் தனியாகப் பார்த்துக்கொண்டிருந்தார், சம்பளம் இல்லாமல். முன்பின் தெரியாத பெயர்களிலிருந்து அவருக்கு அஞ்சல்கள் வந்தன: ஏன் இவ்வளவு தாமதம், உங்களால் முடியாவிட்டால் வேறொருவரிடம் கொடுங்களேன் என்று. ஜியா டான் என்ற பெயரில் ஒருவர் பொறுமையாக, உதவியாக, ஆண்டுக்கணக்கில் வேலை செய்து நம்பிக்கை பெற்றார். கதவின் ஒரு முக்கியமான பகுதி பொதுவில் தெரியும் மூல நிரலில் இல்லை, பேக்கேஜ் போடுகிறவர்கள் எடுத்துக்கொள்ளும் வெளியீட்டுக் கோப்பில் மட்டும் இருந்தது. அது தயாரானதும் டெபியனிடமும் உபுண்டுவிடமும் வேண்டுகோள்கள் போயின. புதிய பதிப்பைச் சீக்கிரம் சேருங்கள் என்று.

'ஏன் இன்னும் புதுசு வரல?' அதே கேள்வி. நாம் எல்லோரும் அலுப்பில் கேட்பது, அங்கே ஆயுதமாக இருந்தது.

டெபியனின் நிலையான பதிப்புக்குள் அது நுழையவில்லை. சோதனைக் கிளைகளோடு நின்றுபோனது. அதற்கு நிதானமும் ஒரு காரணம், அரை வினாடியைச் சகிக்காத ஒருவரின் பிடிவாதம் பெரிய காரணம், அதிர்ஷ்டம் அதைவிடப் பெரிய காரணம். நிதானமே காப்பாற்றியது என்று சொல்ல ஆசைதான், ஆனால் அது முழு உண்மையாகாது.

எடுப்பவர்களின் கடன் என்ன என்று கேட்டால், பணம் என்றுதான் முதலில் எல்லோரும் சொல்கிறார்கள். சரிதான், கொடுங்கள். எனக்கு அதற்கு முன்னால் வேறொன்று தோன்றுகிறது. 'முடியவில்லை' என்று ஒருவர் சொல்ல ஓர் இடம் வேண்டும். டெபியனில் அதற்கு ஒரு பொதுப் பட்டியல் இருக்கிறது. மூன்று குறிகள்: உதவி தேவை, தத்தெடுக்க ஆள் தேவை, அநாதை. எந்தப் பராமரிப்பாளரும் தன் பேக்கேஜ் மேல் இவற்றில் ஒன்றை ஒட்டிவிட்டுப் போகலாம். வெட்கப்படத் தேவையில்லை. தனியாக மூல நிரல் எழுதிக்கொண்டிருக்கும் ஒருவருக்கு அப்படி ஒரு பொதுப் பலகை கிடையாது. அவர் களைப்பைச் சொன்னால் யார் வருவார்கள் என்பதற்கும் உறுதி கிடையாது. எக்ஸ்இசட்டுக்கு ஜியா டான் வந்தார்.

டெபியனில் அநாதையான பேக்கேஜை யார் வேண்டுமானாலும் எடுத்து வேலை செய்யலாம். ஆனால் பழைய உறுப்பினர் ஒருவர் சரிபார்த்துக் கையெழுத்திட்டால்தான் புதியவரின் வேலை உள்ளே போகும். பிறகு அவரே உறுப்பினராக வேண்டுமென்றால், இருக்கும் உறுப்பினர்கள் அவரை நேரில் சந்தித்து, அடையாள அட்டையைப் பார்த்து, அவருடைய சாவியில் கையொப்பமிடுவதுதான் வெகுகாலமாக வழக்கம். சிறு ஊரில் இருக்கும் ஒருவருக்கு இது பெரிய தடை, அதற்காகப் பயணம் போக வேண்டியிருக்கும். இந்தத் தடையைத் தளர்த்தினால் உண்மையாகவே உதவ வருகிறவர்கள் கூடுவார்கள். ஜியா டான் யார் என்பது இன்றுவரை உறுதியாகத் தெரியாது.