முந்திக்கொண்டவர்கள்

தன்னை ஏசிய சொல்லையே பட்டமாகச் சூடிக்கொண்டு நிமிர்ந்து நடப்பவரைக் கண்டால் எனக்கு மரியாதை வரும். அமெரிக்காவின் ஒக்லஹோமா பல்கலைக்கழகம் தன் பட்டப்பெயரை எங்கிருந்து எடுத்தது என்று தேடிப் போனபோதுதான் அந்த மரியாதைக்கும் அளவு வேண்டும் என்று பட்டது.

அதன் விளையாட்டு அணிகளுக்கு 'சூனர்ஸ்' என்று பெயர். அதாவது, முந்திக்கொண்டவர்கள். கேட்டால் வேகத்தைப் பாராட்டுவதுபோல் இருக்கும். நடந்தது வேறு. க்ரீக், செமினோல் பழங்குடியினர் 1866 உடன்படிக்கைகளில் விட்டுக்கொடுக்க நேர்ந்த நிலத்தை, 1889 ஏப்ரல் 22 நண்பகலில் அரசு குடியேற்றத்துக்குத் திறந்துவிட்டது. எல்லையிலிருந்து பாய்ந்து போய் முளைக்குச்சி அடிப்பவருக்கு 160 ஏக்கர் வரை கிடைக்கும். நேரத்துக்கு முன்பே நுழைந்தால் உரிமை போய்விடும் என்று சட்டம் எச்சரித்திருந்தது. ஆனாலும் சிலர் முன்கூட்டியே புகுந்து ஓடைப் பள்ளங்களிலும் மரக்கூட்டங்களிலும் பதுங்கிக் கிடந்தார்கள். வெகுதூரம் ஓடிக் களைத்ததுபோல் காட்ட, குதிரைமேல் சோப்பு நுரையைப் பூசினார்கள் என்றும் ஒரு கதை உண்டு. இவர்களுக்கு விழுந்த வசைதான் 'சூனர்'. நில வழக்குகள் உச்ச நீதிமன்றம்வரை போயின. ஆனால் இருபது ஆண்டு முடிவதற்குள், 1908இல், அந்த வசை பல்கலைக்கழகத்தின் பெருமையாகிவிட்டது.

வட கரோலினா பல்கலைக்கழகத்தின் 'தார் ஹீல்ஸ்' என்ற பெயரும் வசையாகப் புழங்கியதுதான். அங்கே பைன் மரங்களிலிருந்து கப்பலுக்குத் தார் எடுத்தார்கள். அந்த வேலையில் குதிகாலில் தார் ஒட்டிய ஏழையைக் கேலி செய்த சொல் அது. உழைப்பின் கறையை ஒருவர் பெருமையாக்கிக்கொண்டால் யாருக்கும் நட்டமில்லை.

சூனர் கதை அப்படியல்ல. விதியை மதித்து எல்லையிலேயே காத்திருந்தவர்கள் அந்தப் பெயரில் இல்லை. அவர்களுக்கும் முன்பே அந்த மண்ணை இழந்தவர்களும் இல்லை. அபகரித்தது கையில் நிலைத்துவிட்டால் பழியும் நாளடைவில் செல்லப்பெயராகிவிடும் போலிருக்கிறது. இன்று மைதானத்தில் அந்தப் பெயரைக் கூவும் மாணவர் யாரையும் ஏமாற்றவில்லைதான். ஆனால் பெயர் அவருக்குச் சொந்தமென்றால் அதன் கதையும் அவருக்குச் சொந்தம்.

ஊரார் நம்மை ஏசினால், நம் நிலைமைக்காக ஏசினார்களா, நம் செயலுக்காக ஏசினார்களா என்று பிரித்துப் பார்க்க வேண்டும். நிலைமைக்காக என்றால் அந்தச் சொல்லைத் தாராளமாகத் தலையில் சூடிக்கொள்ளலாம். செயலுக்காக என்றால், அதை மன்னித்துப் பட்டமாக்கும் உரிமை நம்மிடம் இல்லை. நம்மால் ஏமாந்தவரிடம் இருக்கிறது.