ஏற்றிச் சென்றவரும் ஏறிச் சென்றவரும்

கோயிலுக்கு வரும் அடியார்கள் எல்லோரிடமும் கார் இல்லை. முதியோரையும், புதிதாக நாட்டுக்கு வந்தோரையும், பனிக்காலத்தில் பஸ்ஸுக்குக் காத்து நிற்க இயலாதோரையும் அயலவர்கள் தங்கள் கார்களில் அழைத்து வருகிறார்கள். இதற்குப் பணம் வாங்குவதில்லை. இது நல்ல தொண்டு. ஆனால் வழியில் ஓட்டியவரின் கவனக்குறைவால் விபத்து நேர்ந்து, கூட வந்தவர் காயமடைந்தால் என்ன செய்வது? உதவி செய்தவரிடமே நட்டஈடு கேட்பது அறமாகுமா?

ஒன்ராறியோ மாகாணத்தின் பழைய சட்டம் 'கேட்க முடியாது' என்றே சொன்னது. கட்டணமின்றி ஏறியவர் காயமடைந்தாலும் இறந்தாலும் ஓட்டுநரோ உரிமையாளரோ பொறுப்பல்லர் என 1935இல் விதிக்கப்பட்டது. இத்தகைய சட்டங்களுக்கு இரண்டு நியாயங்கள் கூறப்பட்டன. உபசரித்தவர்மேல் விருந்தாளி வழக்குத் தொடுப்பது நன்றிகெட்ட செயல் என்பது ஒன்று. நண்பர்கள் கூடிப் பேசிக் காப்புறுதி நிறுவனத்தை ஏமாற்றக்கூடும் என்பது மற்றது.

1960இல் நியூயோர்க் மாநிலத்து நண்பர்கள் சிலர் வார இறுதியைக் கழிக்க ஒன்ராறியோவுக்குக் காரில் வந்தனர். கார் ஒரு கல்மதிலில் மோதியது. கூட வந்த ஒருவர் படுகாயமடைந்தார். ஒன்ராறியோச் சட்டப்படி அவருக்கு ஒரு சதமும் கிடையாது. ஆனால் இரு தரப்பாரும் நியூயோர்க் வாசிகள், காரின் காப்புறுதியும் அங்கேயே எடுக்கப்பட்டது. ஆகவே நியூயோர்க் சட்டமே பொருந்தும் என்று அம்மாநிலத்தின் மிக உயர்ந்த நீதிமன்றம் 1963இல் தீர்ப்பளித்தது. ஒன்ராறியோவும் 1966இல் தன் சட்டத்தைத் தளர்த்தி, 1977இல் அந்தத் தடையை முற்றாக நீக்கியது.

இம்மாற்றம் நம் மரபுக்கும் ஒத்ததே. அன்னதானச் சோறு இலவசம் என்பதற்காக அதைக் கெட்டுப்போகவிட்டுப் பரிமாறலாமா? காசு கொடுத்து உண்பவனாவது கடையை மாற்றிக்கொள்வான். நம்மை நம்பி வந்து பந்தியில் அமர்ந்தவர்க்கு நம் கவனத்தைத் தவிர வேறு காவல் இல்லை. காரில் ஏறியவரின் நிலையும் அதுவே.

அப்படியானால் நன்றி எங்கே போயிற்று? நன்றி அவர் செய்த உதவிக்கு உரியது, அவர் விட்ட பிழைக்கு உரியதன்று. 'தெரிந்த பிள்ளை, கரைச்சல் கொடுக்கக் கூடாது' என்று ஒரு தாயார் நோவை மறைத்தால், அந்தச் சுமை அவருடைய மக்கள் தலையில் விழும். இங்கே மருத்துவத்துக்கும் மறுவாழ்வுக்கும் உரிய காப்புறுதி உதவி, பிழை யாருடையது என்று பாராமல் கிடைப்பது. அதைக் கேட்பதால் யார்மீதும் குற்றம் சுமத்தியதாகாது. வழக்கு என்று வந்தாலும், ஒப்பந்தத் தொகை வரையில் பணம் கொடுப்பது காப்புறுதி நிறுவனமே. சட்டம் கேட்கும் குறைந்தபட்சத் தொகை 200,000 டொலர். பாரிய காயத்துக்கு இது போதாது. மிகுதி ஓட்டியவர் தலையில் விழும். காரை இரவல் கொடுத்த உரிமையாளருக்கும் பொறுப்பு உண்டு. ஆகவே பிறரை ஏற்றிச் செல்பவர்கள் கூடிய தொகைக்குக் காப்புறுதி எடுப்பதும் தொண்டின் ஒரு பகுதியே.

ஏறிச் செல்பவருக்கும் கடமை உண்டு. இருக்கைப் பட்டி அணிய வேண்டும். அணியாதவரின் நட்டஈடு குறைக்கப்படலாம். 16 வயதுக்கு உட்பட்டோர் அணிவதற்கு ஓட்டுநரே பொறுப்பு. இல்லாத நோவைச் சொல்லிப் பணம் கேட்பது களவு. அது, உண்மையாகவே காயப்பட்ட அடுத்தவரின் சொல்லையும் சந்தேகத்துக்கு உள்ளாக்கும்.

திருக்குறளில் விருந்தோம்பல் ஒன்பதாம் அதிகாரம், செய்ந்நன்றியறிதல் பதினோராம் அதிகாரம். அதற்கு அடுத்ததாக வைக்கப்பட்டிருப்பது நடுவுநிலைமை. ஏற்றிச் செல்பவர் முதலாவதையும், ஏறிச் செல்பவர் இரண்டாவதையும் மறவாதிருக்க வேண்டும். விபத்து நேர்ந்துவிட்டால் இருவருக்கும் உரியது மூன்றாவது: நடந்ததை நடந்தபடி சொல்வது. அதன்பின் அடுத்த வெள்ளிக்கிழமையும் அவர்கள் ஒரே காரில் கோயிலுக்கு வரலாம்.