ஏழாவது வருஷத்தின் விளைச்சல்

ஆபீஸ் முடிந்து வந்து ராத்திரியில் எழுதுகிற நம்மில் எல்லோருக்கும் ஒரு சொப்பனம் உண்டு. யாராவது ஒரு வருஷம் சம்பளத்தோடு லீவு கொடுத்து, கடலோரம் ஒரு வீடும் கிடைத்துவிட்டால், உள்ளே இருப்பதெல்லாம் வெளியே வந்துவிடும் என்று. பரிசோதிக்கப்படாததால் இந்தச் சொப்பனம் பத்திரமாக இருக்கிறது. பரிசோதித்துப் பார்த்தவர் ஒருவர் உண்டு. அவர் எழுத்தாளர் அல்ல, டிசைனர் என்பது பிரச்னையை இன்னும் கூர்மையாக்குகிறது. எழுத்தாளன் தன் வறட்சிக்கு ஆபீஸைக் குற்றம் சொல்லிக்கொள்ளலாம். அது வேறு இடம், வேறு வேலை. டிசைனருக்கு ஆபீஸில் நடப்பதே சிருஷ்டி. எந்தக் கையால் வரைகிறாரோ அந்தக் கையைத்தான் வாடிக்கையாளருக்கு விற்கிறார். அவர் எதிலிருந்து விலகிப் போவது?

ஆஸ்திரியாவில் பிறந்து நியூயார்க்கில் ஸ்டூடியோ நடத்திய ஸ்டெஃபான் சாக்மைஸ்டர் இசைத்தட்டு உறைகளால் பெயர் பெற்றவர். ஏழு வருஷத்துக்கு ஒரு முறை ஸ்டூடியோவை ஒரு வருஷம் மூடிவிடுவது என்று தீர்மானித்தார். படிப்புக்கு 25 வருஷம், உழைப்புக்கு 40, ஓய்வுக்கு 15 என்று ஆயுள் வகுக்கப்பட்டிருக்கிறது. கடைசிப் பதினைந்தில் ஐந்தை வெட்டியெடுத்து நடுவில் செருகிக்கொள்ளலாம் என்பது அவர் கணக்கு. இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்த முதல் விடுப்பை, திட்டம் எதுவும் வேண்டாம், வெற்று நேரமே போதும் என்றுதான் ஆரம்பித்தார். ஏதோ ஜப்பானியப் பத்திரிகை கேட்டதை அனுப்பிவைப்பது போன்ற சில்லறைக் காரியங்களில் நாட்கள் போயின. தனக்குத் தானே எடுபிடியாகிவிட்டதாக 2009ல் ஆற்றிய உரையில் அவரே ஒளிக்காமல் சொல்கிறார்.

எனக்கு இந்த இடம்தான் முக்கியம். வாடிக்கையாளர் போய்விட்டார், வாடிக்கையாளருக்காகக் காத்திருக்கும் மனம் போகவில்லை. யாராவது எதையாவது கேட்டால்தான் நாம் இருப்பதே நமக்கு உறுதியாகிறது என்ற ஸ்திதி அது. பிறகு அவர் பள்ளிக்கூடப் பையனைப் போல அட்டவணை போட்டு, ஒவ்வொரு ஆசைக்கும் மணி ஒதுக்கிக்கொண்டார். பலன் கிடைத்தது. அடுத்த ஏழு வருஷம் செய்ததெல்லாம் பெரும்பாலும் அந்த ஒரு வருஷத்தின் யோசனைகளிலிருந்து வந்தவை என்கிறார். தரம் கூடியதால் அதிகக் கூலி கேட்க முடிந்தது என்றும் சொல்கிறார்.

சந்தோஷம்தான். ஆனாலும் ஏதோ இடறுகிறது. வேலையிலிருந்து விலகிய வருஷம் வேலையின் கணக்குப் புத்தகத்திலேயே முதலீடாகப் பதிவாகிவிட்டது. இன்று மலையிலும் கடலோரத்திலும் டிசைனர்களுக்கென்று வாரக் கணக்கில் விற்கப்படும் முகாம்களில் இது இன்னும் அப்பட்டம். தெம்போடு திங்கட்கிழமை திரும்பலாம் என்பதே அவற்றின் வாக்குறுதி. கத்தியைச் சாணைக்கு அனுப்புவதை யாரும் கத்திக்கு ஓய்வு என்று சொல்வதில்லை.

ஏழாவது வருஷம் என்ற ஏற்பாடும், அந்த விடுப்புக்கு ஆங்கிலத்தில் வழங்கும் சபாட்டிகல் என்ற சொல்லும் யூதர்களின் நியாயப்பிரமாணத்திலிருந்து வருபவை. ஆறு வருஷம் விதைக்கலாம், ஏழாவது வருஷம் நிலத்தைச் சும்மா விட்டுவிட வேண்டும் என்கிறது யாத்திராகமம். அதோடு நிற்கவில்லை. அந்த வருஷம் முளைப்பதை எளியவர்கள் தின்பார்கள், மிச்சம் காட்டு மிருகங்களுக்கு. உபாகமம் ஏழாவது வருஷத்தில் கடனையும் தள்ளுபடி செய்யச் சொல்கிறது. நம் சம்சாரியும் தரிசு போடுகிறான், மண்ணுக்குத் தெம்பு வரட்டும் என்று. அது விவேகம், அவ்வளவே. இங்கே விஷயம் வேறு: நிலத்தின் சொந்தக்காரன் ஒரு வருஷம் சொந்தக்காரனாக இல்லாமலிருக்கிறான். டிசைனர்கள் சொல்லை எடுத்துக்கொண்டு இந்தப் பாதியை விட்டுவிட்டார்கள். கூலி தராத, பெயர் சேர்க்காத, அடுத்த ஆறு வருஷத்துக்கு விதையும் ஆகாத ஒன்று விளைந்தால் அதை ஒரு கலைஞன் யாருக்கு விடுவான்? அதை விளைச்சல் என்று அடையாளம் காணவாவது அவனால் முடியுமா?

இரண்டாவது விடுப்பை, 2008ல் தொடங்கி, சாக்மைஸ்டர் பாலித் தீவில் கழித்தார். அங்கே உருவான ஒரு மேஜையில் 330 திசைகாட்டிகள். காந்தம் ஒளித்த காப்பிக் கோப்பையை மேலே வைத்தால் முட்கள் வடக்கை விட்டுக் கோப்பையைப் பார்த்துத் திரும்பும். இங்கே, இப்போது இரு என்பது மேஜையின் பெயர். நல்ல வேலை. ஆனால் எனக்கு அந்தப் பெயர் கேட்கவில்லை. எந்தத் தீவில் போய் உட்கார்ந்தாலும் தன் கோப்பைதான் திசை என்கிற மாதிரி இருக்கிறது.

நம் பக்கத்தில் வேறு மாதிரி யத்தனம் ஒன்று நடந்தது. 1966ல் கே. சி. எஸ். பணிக்கரும் சென்னை ஓவியக் கல்லூரியில் அவரிடம் பயின்றவர்களும் ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் கிராமத்தை ஏற்படுத்தினார்கள். அவர்கள் வேலையிலிருந்து விலகிப் போகவில்லை, வேலையைக் கூடவே கொண்டுபோனார்கள். பாட்டிக் துணியும் பிற கைவினைப் பொருட்களும் செய்து விற்றது சோற்றுக்கு. ஓவியம் விற்றாலும் சரி, விற்காவிட்டாலும் சரி. கடையை மூடாமல், கடைக்கும் படத்துக்கும் நடுவே ஒரு சுவர் எழுப்பிப் பார்த்தார்கள். சுவர் கசியாதா? அங்கிருந்து வந்த சில படங்களில் பாட்டிக்கின் அலங்காரம் கசிந்திருப்பதாக எனக்குத் தோன்றுகிறது, நண்பர்கள் மறுக்கக்கூடும். பணிக்கரின் 'சொற்களும் குறியீடுகளும்' வரிசையில் அது இல்லை. படிக்க முடியாத எழுத்துக்களால் நிரம்பிய அந்தப் படங்கள் யாரையும் திருப்தி செய்யப் புறப்பட்டவை அல்ல.

நமக்கு அந்த லீவு கிடைக்கப்போவதில்லை. கிடைத்தால் முதல் வாரம் நான் என்ன செய்வேன் என்று தெரியும். பாக்கியிருக்கும் கடிதங்களுக்கெல்லாம் பதில் எழுதுவேன். யாரோ போன வருஷம் கேட்டிருந்த மதிப்புரையை முடித்துத் தபாலில் சேர்ப்பேன்.