மூன்று சீவரங்களும் ஆயிரம் துணிகளும்

ஆடைகளைக் குறைத்துக்கொண்டவன் ஆடையின்மேலுள்ள பற்றையும் குறைத்துக்கொண்டவனாவானா என்ற கேள்வி, பார்வைக்கு அற்பமாகத் தோன்றினும், துறவின் இலட்சணத்தையே தொட்டு நிற்பது. 1985-ஆம் ஆண்டில் நியூயார்க் நகரத்து ஆடை வடிவமைப்பாளரான டோனா காரன், ஒன்றோடொன்று எவ்விதம் சேர்த்தாலும் இசையக்கூடிய ஏழே உடுப்புகளைக் கொண்டு உத்தியோகத்திலுள்ள ஒரு பெண் தன் நாட்களை நடத்திக்கொள்ளலாமென்று காட்டினார். இன்று மேல்நாடுகளில் அலமாரியைச் சுருக்குவது ஏறக்குறைய ஒரு விரதமாகவே அனுஷ்டிக்கப்படுகிறது. மாற்றுப் புடவையின்றி வாழ்பவளுக்கு இந்த விசாரம் வேண்டியதில்லை. அவளுடைய நிலையை அபரிக்கிரகம், அதாவது உடைமை கொள்ளாமை, என்று புகழ்வது பாவம். இருப்பவர்களைப் பற்றியே இங்கே பேச்சு.

பௌத்தத் துறவிகளின் ஒழுக்க நூலான விநயபிடகத்தின் மகாவக்கம் என்னும் பகுதியில் ஒரு வரலாறு உண்டு. இராஜகிருகத்திலிருந்து வைசாலிக்குச் செல்லும் வழியில், பிக்ஷுக்கள் சிலர் சீவரங்களை, அதாவது துறவாடைகளை, மூட்டையாகக் கட்டித் தலையிலும் தோளிலும் இடுப்பிலும் சுமந்துவரக் கண்ட புத்தர், இவர்கள் இத்தனை சீக்கிரத்தில் துணி சேர்க்கத் தொடங்கிவிட்டார்களே என்று எண்ணினார். ஆயினும் எல்லையை அங்கேயே வகுத்துவிடவில்லை. வைசாலியில் கோதமக சைத்தியத்தில் தங்கியிருந்தபோது, பனி கொட்டும் இரவில் ஒற்றைச் சீவரத்தோடு வெட்டவெளியில் அமர்ந்து, முதல் யாமம் கழிந்து குளிரெடுக்கவே இரண்டாவதையும், நடுயாமம் கழிந்ததும் மூன்றாவதையும், விடியும் தறுவாயில் நான்காவதையும் போர்த்துக்கொண்டார். அதன் பிறகே, குளிர் பொறுக்காத தேகத்துக்கும் போதுமென்று, அரையில் உடுக்க ஒன்று, மேலே போர்க்க ஒன்று, இரட்டைத் துணியாலான சங்காடி ஒன்று என மூன்றை அனுமதித்தார். நான்கு அடுக்கின் வெப்பம் மூன்று உடைமைக்குள் அடங்கிவிட்ட நுட்பத்தை என்னால் வியக்காமலிருக்க முடியவில்லை. அந்தச் சங்காடியையே நான்காக மடித்தால் படுக்கையுமாகும்; குசிநகரத்தை நோக்கிய இறுதி யாத்திரையில் களைத்துப்போன புத்தர் அப்படி மடித்ததன்மேல்தான் இளைப்பாறினார். பிக்ஷுணிகளுக்கோ தேவையை உத்தேசித்து ஐந்து ஆடைகள் விதிக்கப்பட்டன. ஆகையால் எண்ணிலே புனிதம் ஒன்றுமில்லை. குளிரைக் கேட்டு வகுத்த எல்லை ஒரு வகை, கண்ணாடியைக் கேட்டு வகுத்த எல்லை இன்னொரு வகை. எந்த ஏழு என்று நாளெல்லாம் ஆராய்ந்துகொண்டிருப்பவளின் சித்தம், எழுபது வைத்திருப்பவளுடையதைவிட அதிகமாகவே துணியில் சிக்கியிருக்கக் கூடும்.

எல்லை தளர்ந்த விதம் இன்னும் சிந்திக்கத்தக்கது. புத்தரின் அணுக்கச் சீடரான ஆனந்தருக்கு மிகைச் சீவரம் ஒன்று கிடைத்தது. அதை மற்றொரு சீடரான சாரிபுத்தருக்குக் கொடுக்க அவர் விரும்பினார். சாரிபுத்தரோ தொலைவில் சாகேதத்தில் இருந்தார். அவர் திரும்புவது எப்போது என்று புத்தர் வினவ, ஒன்பதாம் நாளோ பத்தாம் நாளோ என்று விடை வந்தது. மிகைச் சீவரத்தைப் பத்து நாள் வரை வைத்திருக்கலாமென்று விதி பிறந்தது. அதற்கு மேலும் வைத்திருக்க வேண்டுமாயின், இன்னொரு பிக்ஷுவுக்கும் அதில் உரிமை உண்டாக்க வேண்டுமென்று பின்னர் ஏற்பாடாயிற்று. மிகைப்பொருளைப் பிக்ஷு சங்கம் அறவே விலக்கிவிடவில்லை. அதன்மேல் பிறனுக்கும் ஒரு பாத்தியதை இருக்கட்டும் என்றது. ஏழு உடுப்பின் கணக்கிலே அத்தகைய பிறன் ஒருவன் காணப்படவில்லை என்பதே என் குறை.

அந்தப் பிறனை இன்னொரு வரலாற்றிலும் காணலாம். கோசாம்பியில் உதயண மன்னனின் தேவியர் ஆனந்தருக்கு ஐந்நூறு துணிகளை வழங்கினார்கள். இவர் துணிக்கடை வைக்கப்போகிறாரா என்று சினந்த அரசன், நேரே வந்து, இத்தனையையும் என்ன செய்வீர் என்று கேட்டான். சீவரம் நைந்த பிக்ஷுக்களுக்குப் பகிர்ந்தளிப்போம் என்றார் ஆனந்தர். நைந்த பழந்துணி மேல்விரிப்பாகும், மேல்விரிப்பு மெத்தையுறையாகும், அது தரைவிரிப்பாகி, கால்துடைப்பாகி, தூசி தட்டும் துணியாகி, கடைசியில் துணுக்குகளாக்கிச் சேற்றோடு பிசைந்து தரை மெழுகுவோம் என்று, அரசன் அடுத்தடுத்துக் கேட்கக் கேட்க அவர் சொல்லிக்கொண்டே போனார். மகிழ்ந்துபோன அரசன் இன்னும் ஐந்நூறு துணிகளைக் கொடுத்தான். மூன்று சீவரங்களுக்கே உரிய ஆனந்தர் அவற்றையும் ஏற்றுக்கொண்டார்.