விதையின் சுதேசம்

பிதுர் காரியச் சமையலில் தக்காளி சேர்க்கலாகாது என்ற நியமம் எங்கள் நெட்டப்பாக்கத்து வீட்டில் இன்றும் தவறாமல் அனுஷ்டிக்கப்படுகிறது. மிளகாயும் அங்கே விலக்கு, மிளகுதான் காரம். முன்னோர் அறியாத சீமைப் பண்டங்களை அவர்களுக்குப் படைப்பதெப்படி என்று பெரியவர்கள் கேட்பதை நான் அலட்சியம் செய்பவனல்லன். ஆயினும், எத்தனை தலைமுறை ஒரு மண்ணில் வேரூன்றினால் அந்நியம் என்ற பெயர் ஒரு செடியை விட்டு நீங்கும் என்னும் சந்தேகம், கொல்லையில் நாட்டுத் தக்காளி பழுக்குந்தோறும் என் மனத்தில் எழுகிறது.

அமெரிக்கக் கண்டத்துக் கனியாகிய இதனை 1544-இல் மத்தியோலி என்னும் இத்தாலிய வைத்தியர் தம் நூலில் குறித்தபோது, புதுவகைக் கத்தரி என்றே கருதினார். இன்றோ, வெசூவியஸ் எரிமலையின் அருகே விளையும், நுனி கூர்ந்து நீண்டு, சதை தடித்து விதை குறைந்த சான் மர்சானோவை அயலது என்று சொல்ல எந்த இத்தாலியனும் துணியான். அங்கே குடியானவர்கள் விதை காத்ததுபோலவே என் பாட்டியாரும் காத்தார்.

செழித்த செடியில் நன்கு கனிந்த பழத்தைப் பிழிந்து மண்சட்டியில் இரண்டு மூன்று நாள் வைத்திருப்பார். புளித்த வாடையெழுந்து மேலே வெண்ணிற ஏடு படரும். விதையை முளைக்கவொட்டாமல் சூழ்ந்திருந்த வழுவழுப்பு அந்த அழுகலிலேதான் கழன்று போகும். பதர் மிதக்க, மணியான விதை அடியில் தங்கும். அதைக் கழுவி நிழலில் உலர்த்திச் சாம்பலில் புரட்டி முடிந்து வைப்பார். சரீரம் அழிய, வாசனை மட்டும் அடுத்த ஜன்மத்துக்குச் செல்கிறது என்று சித்தாந்திகள் விளக்குவதை நான் முதலில் கண்ணாரக் கண்டது அந்தச் சட்டியிலேதான். தக்காளிப் பூ பெரும்பாலும் தன்னுள்ளேயே மகரந்தம் சேர்வதாதலால், நாட்டுச் செடியின் பிள்ளை தாயின் முகத்தோடே பிறக்கும். வீரிய ஒட்டு ரகத்துக்கு அந்தப் பாக்கியமில்லை. அதன் விதையை ஊன்றினால் ஒன்றுக்கொன்று ஒவ்வாத செடிகள் முளைக்கும், ஆண்டுதோறும் கடைக்கே போகவேண்டும். உள்ளூரில் விளைந்தும் ஊரோடு ஒட்டாதது அதுவே என்பேன்.

செடிக்கு மட்டுமன்று, மண்ணுக்கும் இந்த அந்நியக் கேள்வி உண்டு. எங்கள் ஊரும் 1954 மார்ச் வரை பிரெஞ்சுக் கொடியின் கீழ்தான் இருந்தது. கொடி இறங்கிய மறுநாளும் உழுதது அதே மண்ணைத்தான்.

சிராத்த இலையின் நியமத்தை மாற்ற எனக்கு உரிமையில்லை, மாற்றவும் மாட்டேன். ஆனால் பாட்டியார் முடிந்துவைத்த விதையில் விளைந்த தக்காளியை அந்நியம் என்று இனி ஒருபோதும் சொல்லேன்.